தொலைமேசையும் ஓர் உள்ளூர்க் கருவியும்

பக்கிரிசாமி தன் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு திகாம் பத்து டவுனுக்கு வந்தது அன்று நான்காவது தடவை. விரலில் ஒரு குறையும் இல்லை. முப்பது வருடம் ரப்பர்ப் பால்மரம் சீவிய விரல்; அதற்குப் பிறகு கையுறைத் தொழிற்சாலைக் கிலாங்கில் ஜாகா என்னும் காவல் வேலை பார்த்து, லாரிகளுக்குக் கேட்டைத் திறந்து திறந்து மூடிய விரல். ரேகை அழியாமல் அப்படியே இருந்தது. ரேகையைப் பார்க்க வேண்டிய மிஷினும் இருந்தது. மிஷினைச் சொருக வேண்டிய கம்ப்யூட்டரும் இருந்தது. எல்லாம் இருந்தும் காரியம் நடக்கவில்லை என்றால் அங்கே ஒரு கழகம் இருக்கிறது என்று அர்த்தம்.

கழகத்தின் முழுப் பெயர் நடுவட்டாரத் தோட்டத் தொழிலாளர் வீட்டுடைமை நலக் கழகம். திகாம் பத்துக் கிளை ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகப் போய்விட்டதால் 'நலக் கழகம்' மட்டும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரில் தொங்கியது. அந்தக் கட்டடத்தில் கழகத்துக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது.

விஷயம் இதுதான். கெடா மாநிலத்து மெர்போக் பக்கத்தில் கல்லுமலைத் தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை ஜூலை மாதம் இடிக்கப் போகிறார்கள். அங்கேயே பிறந்து அங்கேயே உழைத்த இருபத்து நாலு குடும்பத்துக்கு ஆளுக்கொரு வரிசை வீடு உண்டு. யார் அந்த இருபத்து நாலு பேர் என்று உறுதி செய்யும் பொறுப்பைக் கம்பெனி கழகத்திடம் விட்டிருந்தது. ஜூன் முப்பதுக்குள் குடும்பத் தலைவர் கட்டைவிரல் வைக்க வேண்டும். வைக்காதவர் வீடு காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. கழகச் செயலவை உறுப்பினர்களின் மச்சான்மாருக்கு மட்டும் தெரியும்.

மற்ற இருபத்து மூன்று பேரும் மார்ச் மாதமே விரல் வைத்துவிட்டார்கள். பக்கிரிசாமி அப்போது சிறுநீரகக் கல்லுக்குச் சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவர் எழுந்து வருவதற்குள் கழகம் நவீனமாகிவிட்டது.

அவருக்கு ஒதுக்கியது பதினேழாம் நம்பர் வீடு. அவர் மனைவி யோகேஸ்வரி அதை வேலிக்கு வெளியே நின்றே மூன்று முறை பார்த்துவிட்டாள். சாமி மேடை எங்கே, அடுப்பு எங்கே, மாமியார் படத்தை எங்கே மாட்டாமல் விடுவது என்பதுவரை எல்லாம் முடிவாகியிருந்தது. விரல் ஒன்றுதான் பாக்கி.

கழகம் நவீனமான கதையையும் சொல்லிவிடுகிறேன். டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் பரஞ்சோதி வெளிநாட்டுக்கு ஓர் ஆய்வுப் பயணம் போனார். திரும்பி வரும்போது ஒரு பெட்டி சாக்லேட்டும் ஒரு திட்டமும் கொண்டுவந்தார். சாக்லேட் தலைமையகத்தோடு நின்றுவிட்டது. திட்டம் கிளைகளுக்கு வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர். கழகத்தில் தனித்தமிழ்ப் பிரிவு ஒன்று உண்டு. அது மூன்று நாள் கூடிப் பேசி 'தொலைமேசை' என்று பெயர் சூட்டியது. சுற்றறிக்கை வந்த அன்று, மேசை தொலைந்துபோன விஷயமாகப் போலீசில் ரிப்போர்ட் செய்தாகிவிட்டதா என்று யான் என்ற ஊர்க் கிளை அக்கறையோடு கேட்டு எழுதியது.

"இங்க பாருங்கண்ணே," என்றாள் கிளையின் ஒரே குமாஸ்தா காஞ்சனா. நல்ல பெண். நாற்பது வயதுக்குள் கழகம் அவளுக்குப் பாதித் தலையை நரைக்க வைத்திருந்தது. "இது கம்ப்யூட்டர் மாதிரி தெரியுதுல்ல? ஆனா இல்ல. கம்ப்யூட்டர் அலோர் ஸ்டார்ல, தலைமையகத்துல இருக்கு. இங்க நீங்க பாக்கிறது அதோட மூஞ்சி மட்டுந்தான்."

"மூஞ்சி இங்க இருந்தா விரல இங்க வைக்கலாம்லம்மா?"

"வைக்கலாம். மிஷின இங்கதான் சொருவியிருக்கேன். ஆனா அலோர் ஸ்டாருக்கு அது தெரியாது. அதப் பொறுத்தவரைக்கும் இங்க மிஷினே இல்ல."

பக்கிரிசாமி மிஷினைப் பார்த்தார். தீப்பெட்டி அளவில் கறுப்பாக இருந்தது. சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. இல்லாத பொருளுக்கு இவ்வளவு வெளிச்சமா என்று அவருக்குத் தோன்றியது.

"என்னதான் செய்யணும் இதுக்கு?"

"ஒரே ஒரு டிக்குதாண்ணே. இந்தா, 'லோக்கல் டிவைஸ்', உள்ளூர்க் கருவின்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. இதுல டிக் விழுந்தா நம்ம மிஷின் அங்க தெரிஞ்சிரும். ஆனா கட்டத்த மங்க வச்சிருக்காங்க. எவ்வளவு அமுக்கினாலும் விழாது. தலைமையகம் தொறந்து விடணும்லா."

"ஒரு டிக்குக்கா தங்கச்சி நாலு தடவ வேலைக்கு லீவு போட்டேன்?"

"டிக்கு சின்னதுதாண்ணே. கழகம் பெருசு."

அன்று காஞ்சனா தலைமையகத்தைத் தொலைபேசியில் பிடித்து, பக்கிரிசாமியின் கையில் கொடுத்துவிட்டாள். தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் கிருபாநந்தன் பேசினார். பரம்பரையாகப் படித்த யாழ்ப்பாணக் குடும்பம். மரியாதை தெரிந்த மனிதர். யாருக்கும் உதவி செய்ய மாட்டேன் என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. செய்ததும் இல்லை.

"விதி மிகத் தெளிவா இருக்கு, ஐயா," என்றார் அவர். "உள்ளூர்க் கருவிகளை மட்டுமே இணைக்கலாம். உங்கட கருவி எங்க இருக்கு?"

"இங்கதான் சார். மேச மேல."

"இங்க எண்டால்?"

"திகாம் பத்துல."

"நான் அலோர் ஸ்டார்ல இருக்கிறன். அப்ப அது உள்ளூர் இல்லையே."

"எங்களுக்கு உள்ளூருதானே சார்! உங்களுக்குத்தான தூரம்?"

"நீங்க சொல்றது முழுக்க நியாயம்," என்றார் கிருபாநந்தன் வருத்தத்தோடு. "ஆனா நியாயத்துக்கு எங்களிட்ட விண்ணப்பப் பாரம் இல்லை. கமிட்டிக்கு அனுப்பறன்."

அனுப்பினார். 'உள்ளூர் எது?' ஆய்வுக் குழு லங்காவியில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் உட்கார்ந்து ஆராய்ந்தது. கடற்கரையில் உட்கார்ந்து யோசித்தால்தான் ஊர் என்பது என்னவென்று புலப்படும் போலிருக்கிறது. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தீர்மானம் வந்தது. ஒரு பொருள் எந்த ஊர் என்பதை அது இருக்கும் இடத்தை வைத்துச் சொல்ல முடியாது. பிறந்த இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மிஷினைத் திருப்பிப் பார்த்து, பிறப்பிடத்தை உடனே தெரிவிக்கவும் என்று காஞ்சனாவுக்கு வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தது.

காஞ்சனா திருப்பினாள். 'மேட் இன் சைனா.'

"அலாமாக்!" என்றார் மறுபடி லீவு போட்டு வந்திருந்த பக்கிரிசாமி.

"அப்ப அது அந்நியக் கருவி," என்றார் கிருபாநந்தன் போனில். தீர்ப்புச் சொல்லிவிட்ட நிம்மதி குரலில் தெரிந்தது.

"சார்," என்றாள் காஞ்சனா, "நீங்க வச்சிருக்கிற கம்ப்யூட்டரு எங்க செஞ்சது?"

"அதைத் திருப்பிப் பார்க்கிற அதிகாரம் எனக்கு இல்லை, தங்கச்சி."

அந்நியரைப் பற்றிக் கழகத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு பாரம்தான். ஒரு காலத்தில் தோட்டங்களுக்கு வெளிநாட்டு ஆட்கள் எடுக்கக் கழகம் பெர்மிட் வேலை பார்த்துக் கொடுத்தது. அப்போது அச்சடித்த பாரம் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதை நிரப்பச் சொன்னார்கள். காஞ்சனா பேனாவை எடுத்தாள். உயரம்: இரண்டு அங்குலம். நிறம்: கறுப்பு. மதம் என்ற இடத்தில் யோசித்துவிட்டுக் கோடு போட்டாள். திருமணம் ஆனவரா என்ற கேள்விக்குப் பக்கிரிசாமியைப் பார்த்தாள். "ஒண்டியாத்தானம்மா கெடக்கு, ஆகலன்னு போடு," என்றார் அவர்.

பெர்மிட் என்றால் உடல் பரிசோதனை உண்டு. மிஷினைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பக்கிரிசாமியே மோட்டார் சைக்கிளில் சுங்கை பட்டாணிக்குக் கொண்டுபோனார். கழகத்தின் கிளினிக்கில் டாக்டர் எதையும் கேட்கவில்லை. கழகம் அனுப்பும் ஆட்களை அவர் எப்போதுமே ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஸ்டெதஸ்கோப்பை அதன்மேல் வைத்தார். 'மூச்சு இல்லை. நாடி இல்லை. தோட்ட வேலைக்குத் தகுதி' என்று எழுதி முத்திரைச் சாப் குத்தினார்.

"இனி டிக்கு விழுமா?" என்று வந்ததும் கேட்டார் பக்கிரிசாமி.

"பெர்மிட்டு கெடச்சா வேல செய்யத்தாண்ணே முடியும். உள்ளூராவ முடியாது. உள்ளூராவ இன்டர்வியூ இருக்காம்."

நேர்காணலுக்கு மூன்று பேர் அலோர் ஸ்டாரிலிருந்து வந்தார்கள். மிஷினை ஒரு நாற்காலியில் வைத்து எதிரே உட்கார்ந்தார்கள். இந்த மண்ணை நேசிக்கிறாயா என்று கேட்டார்கள். கழகத்தின் தலைவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். கழகத்தின் மேல் உனக்கு ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்கள். மிஷின் மூன்றுக்கும் பேசாமல் இருந்தது. 'மிக அடக்கமானவர். பரிந்துரைக்கப்படுகிறது' என்று குறிப்பெழுதிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாகப் பிணை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருவர், கருவியின் நன்னடத்தைக்கும் தங்குமிடத்துக்கும் தான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். காஞ்சனா பக்கிரிசாமியைப் பார்த்தாள். தேதி ஜூன் இருபத்திரண்டு. பக்கிரிசாமி போட்டுவிட்டார்.

வீட்டில் யோகேஸ்வரி பிடித்துக்கொண்டாள். "என் தம்பி மோட்டார் வாங்கறப்ப ஒரு கையெழுத்து கேட்டான். முடியாதுன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன மனுசன் நீங்க. இப்ப ஊரு பேரு தெரியாத ஒரு டப்பாவுக்குப் போய்ப் போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே, உங்களுக்கு என்னா கிறுக்கா?"

"அது உள்ளூராயிட்டா நமக்கு வீடு கெடச்சிரும் யோகு."

"நம்ம எப்ப உள்ளூராவறது?"

"நம்ம உள்ளூருதானே," என்றார் அவர். அன்றைக்கு அதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. லயத்துச் சுவர்களில் இடிக்கிற ஆட்கள் சிவப்புச் சாயத்தில் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்து வீட்டு பாப்பம்மா சட்டி பானைகளை அட்டைப்பெட்டியில் கட்டி முடித்துவிட்டாள். யோகேஸ்வரி மட்டும் பெட்டி கட்டாமல் ஒவ்வொரு நாளும் கட்டியவர்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தாள்.

ஜூன் முப்பதாம் தேதி காலை மெர்போக் கோயில் மண்டபத்தில் இரட்டை விழா. கருவிக்கு உள்ளூர்த் தகுதிச் சான்றிதழ். அதன் பிறகு இருபத்து நாலு குடும்பத்துக்கும் சாவி. மேடையில் ஒரு மடிக்கணினி, அதில் தொலைமேசை. பக்கத்தில் வெல்வெட் நாற்காலியில் மிஷின். அதற்கு மாலை போட்டிருந்தார்கள். மாலைக்குள் அதைத் தேட வேண்டியிருந்தது.

டத்தோ பரஞ்சோதி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"தாய்மார்களே, பெரியோர்களே! தொலைமேசை புதுசு புதுசுன்னு சொல்றாங்க. நான் கேக்கிறேன், என்னய்யா புதுசு? முப்பது வருசமா நான் பினாங்குல இருந்துகிட்டே கெடாத் தோட்ட மக்களுக்குச் சேவை செஞ்சிக்கிட்டு வரேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஒரு தோட்டத்துல நான் கால் வச்சதுண்டா? கெடையாது! கால் வச்சாத்தான் சேவையா? ரிமோட்டுங்கிற சொல்லு வர்றதுக்கு முன்னாலயே நான் ரிமோட்டு!"

முதல் வரிசையில் செயலவை எழுந்து நின்று கைதட்டியது. டத்தோ கையமர்த்திவிட்டு மிஷின் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குட்டிக் கருவியப் பாருங்க. எங்கிருந்தோ வந்தது. மெடிக்கல் செஞ்சோம், பெர்மிட்டு குடுத்தோம், மூனே மாசத்துல உள்ளூராக்கிட்டோம். ஆனா சில பேரு கேக்கிறாங்க, எங்க சொந்த ஜனங்க ஐசி கார்டு இல்லாம, பொறந்த சூரா பத்திரம் இல்லாம இருபது வருசமா நடக்கிறாங்களேன்னு. கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. இந்தக் கருவி ஒரு நாளாவது எங்க ஆபீசுக்கு வந்து சத்தம் போட்டுச்சா? வாயத் தொறந்துச்சா? அதுக்கிட்டேருந்து கத்துக்குங்க!"

சான்றிதழை வாசித்தார்கள். கிருபாநந்தன் கோட்டுச் சட்டையோடு மடிக்கணினியிடம் வந்து, தானே தன் விரலால் அந்தக் கட்டத்தில் டிக் வைத்தார். மிஷினின் விளக்கு பச்சையானது. அலோர் ஸ்டார் முதல்முறையாக அதைக் கண்டுகொண்டது. மண்டபமே கைதட்டியது. பின்வரிசையில் காஞ்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கிரிசாமி மேடையேறினார். வேட்டியில் விரலைத் துடைத்தார். முருகா என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வைத்தார். 'டிங்' என்றது. திரையில் இரண்டு வரி வந்தது. தனித்தமிழ்ப் பிரிவு அதையும் விட்டுவைக்காமல் மொழிபெயர்த்திருந்தது.

கருவி: உள்ளூர்.
பயனர்: அயலூர்.

"இது என்னா சார், அயலூரு?" என்றார் பக்கிரிசாமி.

கிருபாநந்தன் குனிந்து படித்தார். "ரிமோட் யூசர். தொலைமேசைக்குள்ள வெளியில இருந்து வாற எல்லாரையும் அது அப்பிடித்தான் சொல்லும்."

"நான் கல்லுமலையில பொறந்தவன் சார். எங்கப்பன் அங்க பொறந்தவன். மூனாம் நம்பர் லயத்துக்குப் பின்னால என் தொப்புள்கொடியப் பொதச்சிருக்கு சார், இன்னும் அங்கதான் இருக்கு!"

"கொடி எண்டால்..." கிருபாநந்தன் உண்மையான அக்கறையோடு கேட்டார், "அது என்ன வகை வயர், ஐயா? இதுல சொருக முடியுமா?"

பக்கிரிசாமிக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எதற்கு முதலில் வழிவிடுவது என்று தெரியாமல் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றார். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தான் எந்த ஊர் என்று அவருக்கே சந்தேகமாகப் போயிற்று.

விதி விதிதான். வீடு உள்ளூருக்கு மட்டும். அயலூர் என்று திரையில் வந்தவருக்குக் கொடுக்க முடியாது. அதே சமயம் இன்று முப்பதாம் தேதி. இன்று பதினேழாம் நம்பர் சாவி கைமாறியாக வேண்டும். செயலவை மேடைக்குப் பின்னால் அவசரமாகக் கூடியது. அங்கே மீ கோரேங் நூடுல்ஸ் தட்டுகள் அடுக்கியிருந்ததால் அவசரம் முக்கால் மணி நேரம் நீடித்தது. காத்திருப்போர் பட்டியலுக்கு அனுப்பலாம் என்றார் ஒருவர். எந்த மச்சானுக்கு என்பதில் ஒற்றுமை ஏற்படவில்லை. ஆகவே ஒருவருக்கும் வேண்டாம் என்று நேர்மையின் பக்கம் சாய்ந்தார்கள்.

டத்தோ மறுபடி ஒலிவாங்கிக்கு வந்தார்.

"ஒரு வரலாற்று முடிவு எடுத்திருக்கோம். பதினேழாம் நம்பர் வீட்டுக்கு இன்னைக்கு உள்ளூருன்னு பதிவானது ஒரே ஒருத்தர்தான். விதிப்படி அவருக்கே வீடு!" என்று வெல்வெட் நாற்காலியைக் காட்டினார். "அதுக்காக நாங்க ஈவிரக்கம் இல்லாதவங்கன்னு நெனச்சிடாதீங்க. பிணைப் பாரத்துல, தங்குமிடத்துக்குப் பொறுப்பு பக்கிரிசாமின்னு இருக்கு. அதனால அவரும் அவரு சம்சாரமும் கருவியோட கூடவே தங்கி, தூசி தட்டி, நல்லபடியா பாத்துக்கலாம். வீட்டுக்கு இணைப்புப் பொருளா அவங்களையும் சேத்துக்கறோம்!"

இந்தத் தடவை செயலவை மட்டும்தான் கைதட்டியது. பின்னால் கல்லுமலை ஜனங்கள் யாரும் கையைத் தூக்கவில்லை. "தூ!" என்று பாப்பம்மா சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

சிவப்பு ரிப்பனில் கோத்த சாவியை டத்தோ மிஷினின் வயரில் மாட்டினார். படம்பிடிப்பவர் முன்னால் வந்து குனிந்தார். பக்கிரிசாமி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கேமராச் சட்டத்துக்குள் அவருடைய தோள் விழுந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கங்க பக்கிரி," என்றார் டத்தோ சிரிப்பைக் கலைக்காமல். "படத்துல அயலூரு வேணாம்லா."

பக்கிரிசாமி தள்ளிக்கொண்டார். ஓர் அடி தள்ளியவர் அதோடு நிற்கவில்லை. படிகளில் இறங்கினார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் நடந்தார். பார்த்தால் அழுதுவிடுவோம் என்ற பயம்தான்.

யோகேஸ்வரி எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே சேலையைச் செருகிக்கொண்டு மேடையேறினாள். படம்பிடிப்பவர் ஒதுங்கினார். அவள் மாலையை விலக்கி, வயரிலிருந்து ரிப்பனைக் கழற்றி, சாவியை முந்தானையில் முடிந்தாள். கழற்றிய வேகத்தில் வயரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பச்சை விளக்கு அணைந்தது. மிஷினை நாற்காலியிலேயே போட்டுவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

செயலவை பதறிப்போனது. கிருபாநந்தன் முறைப்படி துண்டிக்காமல் பிடுங்கக் கூடாது என்று ஏதோ சொல்லிக்கொண்டே மடிக்கணினியிடம் ஓடினார். டத்தோ இரண்டு கையாலும் மிஷினைத் தூக்கிக்கொண்டு மேடை விளிம்புக்கு வந்தார்.

"அம்மா! ஏம்மா! சாவிய மட்டும் எடுத்துகிட்டு வீட்டுக்காரர விட்டுட்டுப் போறியே!"

யோகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அந்தா முன்னால போயிக்கிட்டிருக்காரு, டத்தோ," என்றாள்.

வாசலில் பக்கிரிசாமி ஐம்பது ஜோடிகளுக்கு நடுவே தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.